அயர்லாந்தை உடைத்தது யார்?

எனக்குக் கோபம் பொதுவாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும். அன்றைக்குக் காலை பத்து மணிக்கே வந்துவிட்டது.

பாளையங்கோட்டையில் அந்தப் பெரிய வீட்டின் முன்னால் பைக்கை நிறுத்தியதும் ஒரு பெண் ஓடி வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பீடி சுற்றிச் சுற்றி விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன.

"துப்பறியுத ஆளுவ நீங்கதான? எம் புருஷனைக் களவாணின்னு சொல்ல போலீஸ் பத்தாதுன்னு உங்களையும் கூப்பிட்டிருக்காவளா?"

"நாங்க இன்னும் வண்டியை விட்டே இறங்கலை தாயி. இறங்கினப்புறம் திட்டுங்க, வசதியா இருக்கும்" என்றேன்.

"ஏலே, சும்மா கெட" என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த சித்ரலேகா அக்கா.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். நான் நேசையா, சாத்தான்குளத்துக்காரன், அவருடைய ஒரே உதவியாளன். எங்களிடம் வரும் வழக்குகளில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. பையன் குடிப்பானா, ஏற்கெனவே தாலி கட்டியிருக்கிறானா, இந்த ரகம்.

அந்தப் பெண்ணின் பெயர் இசக்கித்தாய். அவள் புருஷன் சங்கிலிபூதத்தானை நேற்று மாலை போலீஸ் பிடித்துப் போயிருந்தது.

"ஆறு வருஷமா இந்த வீட்டு பொம்மை ரயிலுக்கு மலை கட்டினாவ, வீடு கட்டினாவ, சுவரு கட்டினாவ. அவுக கட்டினதை அவுகளே உடைப்பாவளாம்மா? நாலு மணிக்குக் கோர்ட்டுல நிறுத்தப் போறாவளாம். உள்ள போட்டுட்டா எப்போ வெளிய வருவாவளோ. எம் மவ பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேங்கா. களவாணி மவளுன்னு சொல்லுதாவளாம்."

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு. நீ இங்கனயே இரி. எங்கயும் போவாத."

வீட்டுக்காரர் போனில் மாடல் ரயில் உடைந்துவிட்டது என்றபோது, ஏதோ பிறந்தநாள் பரிசுச் சமாச்சாரம் என்று நான் நினைத்திருந்தேன். ஹாலுக்குள் போனதும் வாயை மூடிக்கொண்டேன். இருபத்திரண்டு அடி நீளத்துக்கு இடுப்பு உயர மரமேடை. அதன் மேல் ஒரு ஊரே இருந்திருக்கிறது. ஒரு பக்கம் மலை, அதன் அடியில் சுரங்கப் பாதை, நடுவில் ஸ்டேஷன், சுற்றிலும் வயல்களைப் பிரிக்கும் கல் சுவர்கள். இப்போது மலை பிளந்து கிடந்தது. வீடுகளை யாரோ சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடித்திருந்தார்கள். நிலக்கடலைப் பருப்பைவிடச் சின்னக் கற்கள் தரை முழுக்கச் சிதறி, செருப்பில்லாத என் காலில் குத்தின.

வீட்டுக்காரர் ஆவுடைநாயகத்துக்கு வயது அறுபத்தாறு. நெற்றி நிறைய விபூதி. அயர்லாந்தில் கார்க் என்ற ஊரில் பதினெட்டு வருடம் இன்ஜினியராக இருந்துவிட்டு, பரம்பரை வீட்டுக்குத் திரும்பி வந்து, அந்த ஊர் ரயிலைக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்.

"தோட்டத்துல புல்லு செதுக்க வந்த பயலை ஹாலுக்குள்ள விட்டேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்றார்.

"அடிக்கிற வேலை நாங்க எடுக்கறதில்லை அண்ணாச்சி. கண்டுபிடிக்கிறது மட்டும்தான்" என்றேன். அக்கா என் காலை மிதித்தார்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை வள்ளியூரில் உறவில் கல்யாணம். வீட்டில் யாரும் இல்லை. பின்வாசல் சாவி ஒன்று சங்கிலிபூதத்தானிடம் உண்டு. மாலையில் திரும்பி வந்தால் ஊர் நொறுங்கிக் கிடக்கிறது. நாலு இன்ஜின், பத்தொன்பது பெட்டி, சிக்னல்கள், தண்டவாளம் பிரியும் இடங்களில் இருக்கும் பாயின்ட்டுகள், எல்லாவற்றையும் காணவில்லை. சேரன்மகாதேவியில் சங்கிலியின் வீட்டைச் சோதனை போட்டபோது கையகல ஸ்டேஷன் கட்டிடம் ஒன்று கிடைத்திருக்கிறது. முதன்முதலில் செய்து பார்த்த மாதிரி என்று அவன் சொன்னதைப் போலீஸ் நம்பவில்லை.

"ஞாயித்துக்கிழமை எங்கன இருந்தலேன்னு கேட்டா, தாமிரபரணியில கல்லு பொறுக்கினேங்கான். தனியாவாம். எவன் நம்புவான்?"

"எங்ககிட்ட என்ன எதிர்பார்க்கீக அண்ணாச்சி?" என்று அக்கா கேட்டார்.

"ஒரு ரிப்போர்ட். இங்கிலீஷ்ல, உங்க லெட்டர்பேடுல. சங்கிலிதான் உடைச்சான், அவன்தான் களவாண்டான்னு. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள வேணும். மாப்பிள்ளை நல்லவன்னு எழுதிக் குடுக்கியள்லா, அதே மாதிரி."

எனக்குக் காது சூடானது. எங்களை ரப்பர் ஸ்டாம்ப் என்று நினைத்துக் கூப்பிட்டிருக்கிறார். அக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்படி ஒன்றும் தெரியாவிட்டால் அவருக்கு உச்சக்கட்டக் கோபம் என்று அர்த்தம்.

"எழுதிருவோம். அதுக்கு முன்னால காணாமப் போன சாமானைப் பத்திச் சொல்லுங்க. திருடன் அதை எங்கன விப்பான்?"

ஆவுடைநாயகம் சிரித்தார். "விக்கவா? கடையில கிடைக்க பொம்மை ரயில் பாதை பதினாறரை மில்லிமீட்டர் அகலம். அயர்லாந்துப் பாதை நிஜத்துல அஞ்சேகால் அடி. அளவு சரியா வரணும்னா இருபத்தோரு மில்லிமீட்டர் வேணும். கடையில கிடைக்காது, ஒவ்வொரு தண்டவாளமும் நானே ஈயத்தால பத்த வச்சது. என் இன்ஜின் என் பாதையை விட்டா இந்தியாவுல எங்கயும் ஓடாது."

"அப்போ திருடன் அதைக் கொண்டுபோய் அவிச்சுத்தான் திங்கணும்" என்றேன்.

"பொறாமைவே! கேடு செய்யணும்னு எடுத்திருக்கான்."

அக்கா உடைந்த மேடையைச் சுற்றி நடந்தார். "இதுல எது எது நீங்க செஞ்சது, எது அவன் செஞ்சது?"

"இன்ஜின், பெட்டி, பாதை, வயரிங் எல்லாம் என்னது. மரவேலை, மலை, வீடு, இந்தக் கல்லு மண்ணு எல்லாம் அந்தப் பய."

அக்கா என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். உடைந்தது எல்லாம் சங்கிலி கட்டியது. காணாமல் போனது எல்லாம் ஆவுடைநாயகத்துடையது. சங்கிலி திருடன் என்றால், தன் ஆறு வருட உழைப்பைச் சுத்தியலால் அடித்துவிட்டு, எங்கும் ஓடாத இன்ஜினைப் பூப்போலத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். இப்படி ஒரு கிறுக்கனை எங்கள் மாப்பிள்ளை விசாரணைகளில்கூட நான் பார்த்ததில்லை.

"இதுக்கு முன்னால இது மாதிரி ரயில் லேஅவுட் கட்டியிருக்கீகளா?" என்று அக்கா கேட்டார்.

அங்கேதான் மனிதர் மாட்டினார். பெருமை பேசச் சொன்னால் சிலருக்குத் தலைகால் புரியாது. அலமாரியிலிருந்து ஒரு ஆல்பத்தை எடுத்து வந்து விரித்தார்.

"இது மூணாவது. முதல் ரெண்டையும் ரிட்டயர் பண்ணிட்டேன். லேஅவுட்டுன்னா சும்மா வச்சிருக்கக் கூடாது. ஆறேழு வருஷம் ஓட்டணும், அப்புறம் முறையாப் பிரிக்கணும். வண்டியையும் பாயின்ட்டையும் அடுத்ததுக்கு எடுத்து வச்சுட்டு மேடையை உடைச்சிரணும். அயர்லாந்துல எல்லாரும் அப்படித்தான் செய்யுதாக."

"எங்க அப்பா ரிட்டயர் ஆனப்போ ஒரு சால்வை போட்டு அனுப்பிட்டாங்க. நல்லவேளை" என்றேன்.

அக்கா ஒரு போட்டோவில் விரலை வைத்தார். மேடைக்கு அடியில் வெட்டப்பட்ட கம்பிகள். ஒவ்வொரு வெட்டுக்கும் இந்தப் பக்கம் ஒரு காகிதத் துண்டு, அந்தப் பக்கம் ஒரு காகிதத் துண்டு. இரண்டிலும் ஒரே எண்.

"இது என்ன அண்ணாச்சி, ரெண்டு பக்கமும் சீட்டு?"

"வெட்டினப்புறம் எதோட எது சேரணும்னு தெரியணும்லா. சீட்டு ஒட்டாம வெட்டினா மறுபடி சேர்க்கையில பைத்தியம் பிடிச்சிரும். எனக்கெல்லாம் கை தானாச் செய்யும்."

அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே முற்றத்துக்குப் போனார். அக்கா கண்ணால் மேடைக்கு அடியில் காட்டினார். என் வெள்ளைச் சட்டையை நினைத்து ஒரு நிமிடம் வருந்திவிட்டு ஊர்ந்து உள்ளே போனேன்.

திருடன் அறுத்த கம்பிகள் தொங்கின. ஒவ்வொன்றிலும், வெட்டுக்கு இரண்டு பக்கமும், சீட்டு. ஒன்று, ஒன்று. இரண்டு, இரண்டு. நாற்பத்து மூன்று வரை எண்ணினேன்.

"அக்கா, நம்ம களவாணி ரொம்ப ஒழுங்கானவன். அறுத்த வயரைத் திரும்பச் சேர்க்கணும்னு நம்பர் போட்டு வச்சிருக்கான்."

"போட்டோ எடு. வெளிய வா. மூஞ்சியைத் துடை."

ஆவுடைநாயகத்தின் மனைவி பிரம்மநாயகி காப்பி கொண்டுவந்தார். பேசுவதற்கு ஆள் கிடைக்காமல் தவித்தவர் போலிருந்தது. "வர்ற வியாழக்கிழமை அயர்லாந்துல இருந்து பத்திரிகைக்காரங்க வாராக. இப்போ பாத்து இப்படி ஆயிட்டுதே" என்று மேஜையில் கிடந்த பத்திரிகையைக் காட்டினார்.

வழவழப்பான ஆங்கிலப் பத்திரிகை. நடுப்பக்கத்தில் இந்த லேஅவுட்டின் படம். அதில் இன்ஜின் ஓரத்தில்தான் இருந்தது. படம் முழுக்க அந்தக் கல் சுவர்தான். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். இப்படி ஒரு சுவரை அயர்லாந்திலேயே யாரும் இந்த அளவில் கட்டியதில்லை, ஒவ்வொரு கல்லையும் திரு. ஆவுடைநாயகம் தன் கையாலேயே அடுக்கியிருக்கிறார் என்று எழுதியிருந்தது. சங்கிலிபூதத்தான் என்ற பெயரைக் கீழே பொடி எழுத்திலும் தேடினேன். இல்லை.

"வந்து என்ன செய்யப் போறாக?" என்று அக்கா கேட்டார்.

"இவுக சுவரு கட்டுததைப் படம் பிடிக்கப் போறாகளாம்."

அக்கா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "அன்னைக்கு வள்ளியூருக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போனீகளா?"

"நான் காலையிலயே சொந்தக்காரங்க வேன்ல போயிட்டேன். இவுக கார்ல பின்னால வாரேன்னாக. தாலி கட்டுத நேரத்துக்குக்கூட வரலை. பந்தியிலதான் ஆளைப் பாத்தேன்." சொல்லிவிட்டு அந்த அம்மாள் சட்டென்று நிறுத்தினார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும்.

கை கழுவுவதற்காக அக்கா பின்கட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். அந்தக் காலத்தில் நிலபுலம் இருந்த வீடு. பின்கட்டில் ஆள் உயரத்துக்கு மரப் பத்தாயம் ஒன்று நின்றது. வயலை விற்று முப்பது வருடம் ஆயிற்று, அதில் நெல் விழுந்து அதே அளவு காலம் ஆயிற்று என்று வழிகாட்ட வந்த பிரம்மநாயகி சொன்னார்.

அக்கா குனிந்து பத்தாயத்தின் கால்களைக் காட்டினார். நாலு காலையும் சுற்றி எறும்புப் பொடி, புதுசாகப் போட்டது. இடுக்கில் மூக்கை வைத்தேன். பாச்சா உருண்டை வாடை குப்பென்று அடித்தது. பூட்டும் புதுசு.

"காலிப் பத்தாயத்துல எறும்புக்கு என்னலே வேலை?" என்றார் அக்கா. போனை எடுத்து போலீஸ் ஸ்டேஷனுக்கு அடித்தார். "சார், சங்கிலிபூதத்தானைச் சம்பவ இடத்துக்குக் கூட்டிட்டு வாங்க. காணாமப் போன சாமான் எங்கன இருக்குன்னு காட்டுதேன்."

எஸ்.ஐ. செந்தூர்பாண்டி இரண்டரை மணிக்கு ஜீப்பில் வந்தார். மெலிந்து, உயரமாக, ஒரு நாள் தாடியோடு சங்கிலிபூதத்தான் இறங்கினான். வாசலில் மனைவியைப் பார்த்தவன் தலையைக் குனிந்துகொண்டான். ஹாலுக்குள் வந்து மேடையைப் பார்த்தான். உடைந்தபின் அதை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறான். குனிந்து தரையில் கிடந்த ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். எனக்கு அந்த நொடியில் யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. யாரை என்பதிலும் சந்தேகமில்லை.

"ரிப்போர்ட் ரெடியா?" என்றார் ஆவுடைநாயகம்.

"ரெடி. பின்கட்டுக்கு வாங்க."

பத்தாயத்தைக் கண்டதும் அவர் முந்திக்கொண்டார். "சாவி தொலைஞ்சு எத்தனையோ வருஷமாச்சு."

"பூட்டு போன வாரம் வாங்கினது மாதிரில்லா இருக்கு" என்றேன்.

பூட்டை உடைக்கச் சொல்ல, எஸ்.ஐ. கூட வந்த கான்ஸ்டபிளைப் பார்த்து வாயைத் திறந்தார். அதற்குள் பிரம்மநாயகி முன்னால் வந்தார். புருஷனின் சட்டைப் பையில் கைவிட்டுச் சாவிக் கொத்தை எடுத்தார். "நான் தெறக்கேன். என் வீட்டுப் பத்தாயம், நான் தெறக்கேன்." மூன்றாவது சாவியில் பூட்டு திறந்தது.

உள்ளே வரிசையாக அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பஞ்சு வைத்து, நாலு இன்ஜின், பத்தொன்பது பெட்டி, சிக்னல், பாயின்ட்டுகள். ஒரு கீறல் இல்லை.

ஆவுடைநாயகம் தோற்றுப்போன மாதிரி ஒரு நிமிடம்தான் நின்றார். பிறகு குரலை உயர்த்தினார். "ஆமா, நான்தான் எடுத்து வச்சேன். சனிக்கிழமையே வச்சுட்டேன். அந்தப் பய உடைச்சிருவான்னு எனக்கு முன்னாலயே சந்தேகம். என் சாமானை நான் பத்திரமா வச்சா குத்தமா? உடைச்சது அவன்தான். ஞாயித்துக்கிழமை வந்து உடைச்சிருக்கான்."

எஸ்.ஐ. தலையைச் சொறிந்தார். "அவர் சொல்லுததும் சரிதானம்மா. எடுத்தது இவரு, உடைச்சது அவன்."

எங்கள் பின்னாலேயே உள்ளே வந்திருந்த இசக்கித்தாய் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

அக்கா அவசரப்படவில்லை. சங்கிலியிடம் திரும்பினார். "சங்கிலி, மலைக்குள்ள பாயின்ட் ஏதும் இருந்துச்சா?"

"மூணு இருந்துச்சும்மா. சுரங்கத்துக்குள்ள."

"மலையை எப்போ மூடின?"

"அஞ்சு வருஷத்துக்கு முன்னால. பாயின்ட்டை அய்யா பதிச்சு முடிச்சப்புறம் அதுக்கு மேலதான் மலையைக் கட்டினேன். சுரங்க வாசல்ல விரலு போவும், கை போவாது."

அக்கா பெட்டிகளைக் கிளறி ஒன்றை எடுத்து எஸ்.ஐ.யிடம் நீட்டினார். "சார், மூடியைப் படிங்க."

செந்தூர்பாண்டி படித்தார். "சுரங்கம். ஒண்ணு, ரெண்டு, மூணு."

"அண்ணாச்சி கையெழுத்து. உள்ள மூணு பாயின்ட்டும் முழுசா இருக்கு. மலையை உடைக்காம மலைக்குள்ள இருந்த பாயின்ட்டை எடுக்க முடியாது. சனிக்கிழமையே அதை எடுத்துப் பெட்டியில வச்சுட்டேங்காக. அப்போ சனிக்கிழமையே மலை உடைஞ்சிருக்கு. ஞாயித்துக்கிழமை சங்கிலி வந்து எந்த மலையை உடைச்சான்?"

எஸ்.ஐ. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொய் சொல்லுத நேரத்துலகூட ஒழுங்கா லேபிள் எழுதியிருக்காக" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அக்கா ஆவுடைநாயகத்தின் எதிரில் போய் நின்றார். காலையிலிருந்து அடக்கி வைத்த குரல் இப்போதுதான் வெளியே வந்தது. "வியாழக்கிழமை காமிரா முன்னால ஒரு சாண் சுவரு கட்டணும். உங்களுக்குக் கட்டத் தெரியாது. அந்தச் சுவரைக் கட்டினது சங்கிலின்னு ஒரு வரி எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும். அதுக்கு உங்களுக்கு மனசு வரலை. அதனால சுவரே இல்லாம ஆக்கினீக. கட்டினவனை ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தீக. நாளைக்கு அவன் நிஜத்தைச் சொன்னாலும் களவாணி பேச்சை எவன் கேப்பான்னு கணக்குப் போட்டீக. அதுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட எங்களைக் கூப்பிட்டீக. எவ்வளவு தைரியம் அண்ணாச்சி உங்களுக்கு!"

ஆவுடைநாயகம் நாற்காலியில் உட்கார்ந்தார். சங்கிலியைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஏலே சங்கிலி, ஆறு வருஷம் இந்த வீட்டுல சாப்பிட்டிருக்க. புத்தி கெட்டுப் போச்சுலே எனக்கு. பொருளெல்லாம் இருக்கு, பாத்தியா? மறுபடி கட்டுவோம். இந்தத் தடவை உன் பேரையும் போடச் சொல்லுதேன்."

"'உன் பேரையும்'" என்று நான் முணுமுணுத்தேன்.

எஸ்.ஐ. தொண்டையைக் கனைத்தார். "பெரிய மனுஷன் இறங்கி வந்து பேசுதாரு. நீ வீட்டுக்குப் போலாம் சங்கிலி, உன் மேல கேஸு இல்லை. சமாதானமாப் போயிருங்களேன். எதுக்கு வம்பு?"

"வம்பா?" என்று இசக்கித்தாய் பாய்ந்து வந்தாள். "ராத்திரி முழுக்க லாக்கப்புல வச்சிருந்தது வம்பு இல்லையா? எம் மவளைக் களவாணி மவளுன்னு ஊரே சொல்லுதே, அது வம்பு இல்லையா?"

சங்கிலி அவளைக் கையமர்த்தினான். ஆவுடைநாயகத்தைப் பார்க்கவே இல்லை. "அய்யா, புகார் குடுக்கணும். எழுதுங்க" என்று எஸ்.ஐ.யிடம் சொன்னான். குரல் தாழ்ந்துதான் இருந்தது, ஆனால் நடுங்கவில்லை.

செந்தூர்பாண்டி அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிரம்மநாயகியைப் பார்த்தார். யாரிடமிருந்தும் உதவி வரவில்லை. எல்லோரையும் ஹாலுக்குக் கூட்டி வந்து, மேஜை முன்னால் உட்கார்ந்து தாளை விரித்தார்.

"பேரு சங்கிலிபூதத்தான். அப்பா பேரு?"

"மாடசாமி."

"ஊரு சேரன்மகாதேவி. தொழில்..." கேட்காமலே எழுத ஆரம்பித்தார். "கூலி."

"அய்யா, கூலின்னு போடாதீங்க."

எஸ்.ஐ. நிமிர்ந்தார். "பின்ன என்னன்னு போட?"

சங்கிலி ஒரு நிமிடம் அந்த உடைந்த மேடையைப் பார்த்தான்.

"இந்த ஊரைக் கட்டினவன்னு போடுங்க."

செந்தூர்பாண்டி கூலி என்பதை அடித்துவிட்டு எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னான் சங்கிலி. எஸ்.ஐ. படித்தார். ஆவுடைநாயகம் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.